சோகை நோய் தீர்த்த ஆஷ்போர்டு

பெரியோர் சரிதங்களை நாம் கற்பது அவர்தம் பெயரையும் பிறந்த ஆண்டையும் நெட்டுருச் செய்தற்கன்று. அவர் கண்ட உண்மை யாது, அதனால் மக்கள் எய்திய நலம் யாது, அந்நலத்தில் நமக்குரிய பங்கு யாது என்று ஆராய்ந்து, நம் இல்லத்தில் ஒன்றையேனும் திருத்திக்கொள்ளுதற்கேயாம். மன்னர் வரலாறும் படைத்தலைவர் வரலாறும் நூல்களில் மலிந்து கிடக்கின்றன. ஏழைக் குடியானவனின் வெளிறிய முகத்தை உற்றுநோக்கி, அவ்வெளிறலுக்குக் காரணம் தேடிக் கண்ட ஒருவரின் வரலாறோ நம்மிடை அத்துணைப் பரவவில்லை. அத்தகையார் ஒருவர் பெய்லி கெல்லி ஆஷ்போர்டு என்னும் அமெரிக்க மருத்துவர். அவர் தொண்டு நிகழ்ந்த இடம் உலகின் மறுபுறத்தே கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோரிக்கோ என்னும் சிறு தீவு. ஆயினும் அவர் கண்ட நோய் நம் நாட்டு வயல்களிலும் தோட்டங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நெடுங்காலமாக உறைந்துவரும் நோயே யாதலின், அவர் சரிதம் நமக்கு அயலாருடையதன்று.

பிறப்பும் கல்வியும்

ஆஷ்போர்டு 1873ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில் பிறந்தார். அவர் தந்தையாரும் மருத்துவரே. மைந்தரும் தந்தையார் சென்ற நெறியே சென்று, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1896ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் அந்நாட்டுப் படையின் மருத்துவப் பகுதியிற் சேர்ந்தார்.

1898ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த போர்ட்டோரிக்கோத் தீவில் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்கப் படை இறங்கியது. அப்படையோடு சென்றவர் இருபத்தைந்து வயதும் நிரம்பாத ஆஷ்போர்டு. போர் சில வாரங்களில் முடிந்தது, தீவு கைம்மாறியது. படையோடு சென்றவர் பலர் ஊர் திரும்பினர். ஆஷ்போர்டோ அத்தீவையே தமக்கு ஊராக்கிக் கொண்டார். அத்தீவுப் பெண்மணியாகிய மரியா அசுன்சியோன் லோப்பெஸ் என்பாரை மணந்து, ஸ்பானிய மொழியைப் பழகி, அம்மக்களோடு அளவளாவி வாழ்ந்தார். வென்ற நாட்டின் அதிகாரியாய் நுழைந்தவர் அந்நாட்டு மருமகனாய் அமர்ந்தார் என்பது அவர் வாழ்க்கையின் பிற்பகுதியை விளக்குதற்கு இன்றியமையாத செய்தியாகும்.

தீவின் நிலை

1899ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அத்தீவில் ஏறக்குறைய ஒன்பதரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவருள் பெரும்பாலார் மலைச்சாரல்களிற் காப்பித் தோட்டங்களிலும், தாழ்நிலங்களிற் கரும்புக் கொல்லைகளிலும் கூலி வேலை செய்தவர். ஹீபாரோ எனப் பெயர்பெற்ற அம்மலைநாட்டுக் குடியானவர் காலிற் செருப்பின்றி நடந்தனர். அவர் குடிசைகளைச் சார்ந்து கழிப்பிடம் என்பது இல்லை. முகம் மெழுகுபோல் வெளுத்திருக்கும், சிறிது மேடேறினும் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், காலும் முகமும் அதைத்துத் தோன்றும். பிள்ளைகளோ வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி, வயிறு பருத்து, கண் ஒளி குன்றி, விளையாட்டிலும் விருப்பமின்றி ஒடுங்கிக் கிடப்பர். பருவம் எய்துதற்குரிய வயதினர் சிறு குழந்தை போலத் தோன்றுவர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சோகையால் மாண்டனர்.

இதற்குக் காரணம் யாது என வினவியபோது, கற்றோர் விடைகள் பலவாறாக இருந்தன. உணவுக் குறை என்றனர் சிலர். முறைக்காய்ச்சல் என்றனர் சிலர். வெப்பமும் ஈரமும் கலந்த நாட்டின் இயல்பே அது என்றனர் வேறு சிலர். தோட்ட முதலாளிகளும் நகரத்துச் செல்வரும் எளியதொரு விடை வைத்திருந்தனர்: அம்மக்கள் பிறவிச் சோம்பேறிகள் என்பதே அவ்விடை. நோயுற்றவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால், அவனுக்கு மருந்தும் வேண்டா, இரக்கமும் வேண்டா அல்லவா? ஆதலின் அவ்விடை பலருக்கும் இனிதாயிற்று.

புயலும் புலனாய உண்மையும்

1899ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8ஆம் நாள் சான் சிரியாக்கோ என்னும் பெயரால் வழங்கும் கொடும்புயல் அத்தீவின்மேல் வீசியது. மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். காப்பித் தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. வீடும் தொழிலும் இழந்த மலைநாட்டவர் தென்கரைப் பட்டினமாகிய பொன்செயை நோக்கித் திரள் திரளாக இறங்கினர். அங்கே அவருக்கென அமைத்த கூடார மருத்துவமனையில் ஆஷ்போர்டு பொறுப்பேற்றார்.

வந்தவர் பலரும் சோகையால் வெளிறியிருந்தனர். உணவுக் குறையே நோய்க்குக் காரணமென்று அவரும் முதலில் எண்ணினார். ஆகவே இறைச்சி முதலிய வலிவூட்டும் உணவுகளை அளித்தார். காரணம் அதுவே யாயின் சில வாரங்களில் முகம் தெளிதல் வேண்டும். தெளியவில்லை. வயிறார உண்டும் வெளிறல் நீங்காமை கண்ட ஆஷ்போர்டு, தம் முதற் கருத்தைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. நோயாளரின் குருதியைச் சோதித்தார். பிற உயிர்கள் உடம்பினுட் குடிபுகுந்த காலத்தே மிகும் ஒருவகை வெள்ளணுக்கள் அதில் மிகுந்திருந்தன. அக்குறிப்பைப் பற்றிச் சென்று, மலத்தை எடுத்து நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கினார். அங்கே நீள்வட்ட வடிவாய், மெல்லிய ஓடு போர்த்த, எண்ணிறந்த நுண்முட்டைகள் தோன்றின. அவை கொக்கிப்புழுவின் முட்டைகள். அந்நாள் 1899ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் நாள். ஒரு தீவு முழுமையையும் ஒடுக்கிவைத்த பகை, விரற்கடை அளவும் இல்லாத ஒரு புழுவே என்பது அன்று வெளிப்பட்டது.

அவர் கண்ட புழுவை உலகம் முன்பு அறியாததன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் துபீனி என்பார் 1838ஆம் ஆண்டிலேயே அதன் ஓரினத்தைப் பிணச் சோதனையிற் கண்டு, 1843இல் விரித்து எழுதியிருந்தார். 1880ஆம் ஆண்டளவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டுச் சுரங்கவழி அமைத்த தொழிலாளரிடையே சோகை பரவியபோது, அதற்கும் இப்புழுவே காரணமென இத்தாலிய அறிஞர் தெளிந்தனர். எனினும் அமெரிக்க மண்டலத்தில் ஒரு நாட்டு மக்கட் பரப்பையே இது வாட்டுகின்றது என்பதைக் காட்டியவர் ஆஷ்போர்டே. அவர் 1900ஆம் ஆண்டில் இதனை மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். போர்ட்டோரிக்கோவினின்று கிடைத்த புழுக்களையும் பிற இடத்துப் புழுக்களையும் ஒப்புநோக்கிய ஸ்டைல்ஸ் என்னும் விலங்கு நூலார், இஃது ஐரோப்பிய இனத்தின் வேறாய தனியினம் எனக் கண்டு 1902ஆம் ஆண்டிற் பெயரிட்டார்.

நோயின் இயல்பு

இனி இப்புழு மனிதனைப் பற்றும் வகையை நம் குடும்பத்தார் அறிதல் நலம். புழுவின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இது சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சி வாழும். பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவை மலத்தோடு வெளியேறி, நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணிற் பொரிந்து, ஒன்றிரண்டு வாரத்துள் நுண்ணிய இளம்புழுக்களாகி, உடம்பில் நுழையும் ஆற்றல் பெறும். காப்பிச் செடியின் நிழலும் மலைமழையின் ஈரமும் இதற்கு வாய்த்த இடம். அம்மண்ணை வெறுங்கால் மிதிக்கும்போது இளம்புழு தோலைத் துளைத்து உட்புகும். புகுந்த இடத்தில் நமைச்சலும் கொப்புளமும் தோன்றும். நம் உழவர் கூறும் சேற்றுப்புண்ணை ஒத்த இதனை அத்தீவினர் மசமோர்ரா என்றனர். பின்பு அது குருதியோடு கலந்து நுரையீரலை அடைந்து, மூச்சுக் குழல் வழியே மேலேறி, தொண்டையில் விழுங்கப்பெற்றுக் குடலைச் சேரும். அங்கே பல ஆண்டுகள் வாழும்.

காலின் வழியே குடலுக்கு வரும் என்றால் அக்காலத்தில் நம்புவார் அரியர். 1898ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுக் கைரோ நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த லூஸ் என்னும் ஜெர்மானியர், இளம்புழுக்கள் கலந்த நீர் தம் கையிற் சிந்த, அவ்விடம் நமைத்துச் சிவந்தமையும், சில வாரங்களுக்குப்பின் தம் மலத்திலேயே முட்டைகள் தோன்றினமையும் கண்டு இவ்வுண்மையை நாட்டினார். ஆஷ்போர்டும் அவர் துணைவரும் பின்னர் ஆயிரக்கணக்கான நோயாளரை வினவியபோது, அவருட் பெரும்பாலார் முன்பு மசமோர்ராப் புண்ணால் வருந்தியவராகவே இருந்தனர்.

ஒரு புழு உண்ணும் குருதி மிகச் சிறிது. அமெரிக்க இனத்துப் புழுவொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலிட்டர் குருதியைப் போக்கும். ஆயினும் நூறு புழு குடியிருப்பின் ஒரு திங்களில் 90 மில்லிலிட்டர் ஆகின்றது. குருதிக்குச் செந்நிறமும் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலும் தருவது இரும்புச் சத்து. இறைச்சியும் கீரையும் பருப்பும் அரிதாகிய ஏழை உணவில் அச்சத்து முன்னரே குறைவு. வரவு குறைந்த வீட்டில் நாள்தோறும் ஒரு கள்வன் புகுந்தால் எஞ்சுவது யாது? ஆகவே உணவுக் குறை என்றவரும் முற்றும் பிழைத்தவரல்லர். புழு என்றவர் கூறியதும் உண்மையே. இரண்டும் ஒருங்கு கூடியவிடத்தே சோகை கொடிதாகின்றது.

மண் தின்னும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மண் தின்றலால் வரும் பாண்டு என ஒருவகையை ஆயுர்வேத நூல்கள் பிரித்துக் கூறுகின்றன. நாக்குப்பூச்சி, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் மண்ணோடு வாய்வழிச் செல்வதும் உண்டு. ஆயின் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைந்தமையாலேயே பிள்ளைக்கு மண்மேல் வேட்கை பிறக்கின்றது என்பது இற்றை நாள் மருத்துவர் கருத்து. அப்பிள்ளையை அடித்தலிற் பயனில்லை; குருதியைச் சோதித்தலே தக்கது.

சோகைக் குழுவின் பணி

காரணம் கண்டதனோடு ஆஷ்போர்டின் கடமை முடியவில்லை. மக்களைச் சென்று சேரும் வழி வேண்டும். பல ஆண்டுகள் முயன்றபின், 1904ஆம் ஆண்டில் தீவின் சட்டமன்றம் 5,000 டாலர் ஒதுக்கிச் சோகைக் குழுவொன்றை அமைத்தது. அதன் உறுப்பினர் மூவர்: ஆஷ்போர்டு, வால்ட்டர் கிங் என்னும் அமெரிக்க மருத்துவர், பேதுரோ குத்தியேரெஸ் இகராவீதெஸ் என்னும் போர்ட்டோரிக்கோ மருத்துவர். முதலிற் பயமோன் என்னும் ஊரில் தொடங்கி, பின்பு மலைநாட்டு ஊத்துவாதோவுக்குச் சென்று கூடாரம் அடித்தனர். மருத்துவமனைக்கு நோயாளி வருவான் என்று காத்திராமல், நோய் மிகுந்த இடத்துக்கு மருத்துவமனையே சென்றது.

அக்காலத்து மருந்து தைமால் என்பது. பெயர் அயற்பெயராயினும் பொருள் நமக்கு அயலதன்று. நம் அடுக்களையில் உள்ள ஓமத்திற்கு மணமும் காரமும் தருவது அதுவே. முதல் உலகப் போருக்கு முன் இந்நாட்டு ஓமம் ஜெர்மனிக்குச் சென்று, அங்கே தைமால் வடிக்கப்பெற்றது. நோயாளிக்கு முன்னிரவில் பேதியுப்புக் கொடுத்துக் குடலை வெறுமையாக்கி, மறுநாட் காலையில் தைமாலைக் கூடுகளில் அடைத்து விழுங்கச் செய்து, பின்னர் மீண்டும் பேதியுப்புத் தருவர். எண்ணெயோ மதுவோ உட்கொண்டால் அம்மருந்து உடம்பில் ஊறி நஞ்சாகுமாதலின் அவற்றை விலக்குவர். இம்முறையை ஒரு வாரம் விட்டு ஒரு வாரமாகப் பலமுறை செய்தல் வேண்டும். வீட்டு ஓமக் குடிநீர் செரிமானத்திற்கு நன்று. கொக்கிப்புழுவைப் போக்க அது போதாது என்பதையும் இங்கே குறித்து வைக்கின்றேன்.

மக்கள் முதலில் ஐயுற்றனர். அரசாங்கத்து மருத்துவர் கொடுக்கும் மருந்து என்ன செய்யுமோ என்று அஞ்சினர். ஆயினும் தூக்கிவரப்பட்ட ஒருவன் சில வாரங்களில் நடந்து சென்று வேலை செய்யத் தொடங்கியதைக் கண்ட அயலார் சும்மா இருப்பரோ? மலைப்பாதைகளில் மக்கள் வரிசை வரிசையாக இறங்கினர். சிலர் ஊஞ்சற் கட்டிலிற் சுமந்து கொணரப்பெற்றனர். முதலாண்டிலேயே ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர் மருந்து பெற்றனர். மறு ஆண்டில் ஐபொனீத்தோ தலைமையிடமாயிற்று. பல ஊர்களிற் கிளைகள் தோன்றின. மருந்தோடு அறிவுரையும் வழங்கினர்: கழிப்பிடம் அமையுங்கள், காலிற் செருப்பு அணியுங்கள், மண்ணை மாசு படுத்தாதீர்கள் என்று ஒவ்வொருவர்க்கும் எடுத்துரைத்தனர்.

1906ஆம் ஆண்டின்பின் இப்பணியை முன்னின்று நடத்தியவர் குத்தியேரெஸ் முதலிய அத்தீவு மருத்துவரே. இதனை வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. வேற்று நாட்டார் ஒருவர் வந்து காத்தார் என்று மட்டும் கூறி, உள்நாட்டார் உழைப்பை மறைத்தல் வரலாற்றுக்கு முறையன்று. 1904 முதல் 1910 வரையில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர், அஃதாவது தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய தொகையினர், மருந்து பெற்றனர். சோகையால் நேரும் மரணம் பெரிதும் குறைந்தது.

பள்ளிகளுக்குப் பரவிய பணி

தீவில் விளைந்த பயன் பெருநிலத்துக்கும் வழிகாட்டியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் வெறுங்காலராய் வெளிறித் திரிந்த ஏழை வெள்ளையரையும் கறுப்பரையும் உலகம் சோம்பேறிகள் என்றே இகழ்ந்தது. ஸ்டைல்ஸ் அவருடைய நோயும் கொக்கிப்புழுவே என்று எடுத்துரைத்தபோது, செய்தித்தாள்கள் சோம்பற்கிருமி என்று எள்ளி நகைத்தன. 1909ஆம் ஆண்டில் ராக்பெல்லர் என்னும் பெருஞ்செல்வர் பத்து இலட்சம் டாலர் வழங்க, கொக்கிப்புழு ஒழிப்புக்கெனத் தனிக்குழு தோன்றியது. பதினொரு மாநிலங்களிற் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினர் புழுவுடையராகக் காணப்பெற்றனர். நூறு பிள்ளைகள் அமர்ந்த பள்ளியில் நாற்பது பிள்ளைகளின் குருதி வேறோர் உயிர்க்கு உணவாகிக் கொண்டிருந்தது என்பதன்றோ இதன் பொருள்?

அம்மருத்துவத்தின் பயன் உடம்போடு நிற்கவில்லை. முன்பு நோய் மிகுந்திருந்த வட்டங்களிற் பின்னர்ப் பள்ளியிற் சேர்வோரும், நாள்தோறும் வருவோரும், எழுத்தறிந்தோரும் ஏனைய இடங்களினும் விரைந்து பெருகினர் என்பதைப் பழைய பதிவுகளைக் கொண்டு பிளீக்லி என்னும் பொருள் நூலார் 2007ஆம் ஆண்டில் ஆராய்ந்து காட்டினார். ஆசிரியத் தொழில் புரிவார்க்கு இச்செய்தி மிக இன்றியமையாதது. பாடத்தில் மனம் பற்றாத பிள்ளையை மந்தன் என்றும், பின்வரிசையில் உறங்கும் பிள்ளையைச் சோம்பன் என்றும் முத்திரையிடுதல் நம்மவர்க்கு எளிது. அச்சொல்லைக் கேட்டுக் கேட்டு அப்பிள்ளையும் தன்னை அவ்வாறே நம்பிவிடும். புழு நீங்கினால் குருதி மீளும். மனத்திற் பதிந்த இழிசொல் நீங்குவது அரிது.

தமிழ் மக்களுக்கும் இவ்வரலாற்றில் நேரிய தொடர்புண்டு. ராக்பெல்லர் நிறுவனத்தார் அமெரிக்காவிற் கண்ட முறையைப் பிற நாடுகளுக்கும் கொண்டு சென்றபோது, 1916ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிற் பணி தொடங்கினர். அங்கே மலைச்சாரலில் வெறுங்காலோடு கொழுந்து பறித்தவர் நம் தென் மாவட்டங்களினின்றும் கடல் கடந்து சென்ற தமிழரே. போர்ட்டோரிக்கோவின் காப்பித் தோட்டத்து ஹீபாரோவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் ஒரே நோயால் வாடி, ஒரே வசைச்சொல்லைக் கேட்டு, ஒரே மருந்தால் நலம் பெற்றவர்.

பிற்கால வாழ்க்கை

முதல் உலகப் போரின்போது ஆஷ்போர்டு பிரான்சு நாட்டுக்குச் சென்று, போர்க்களத்து மருத்துவருக்குப் பயிற்சி தரும் பள்ளியை லாங்கர் நகரில் அமைத்து நடத்தினார். போர் முடிந்ததும் தம் தீவுக்கே மீண்டார். வெப்ப நாட்டு நோய்களை அவ்வெப்ப நாட்டிலேயே ஆராய வேண்டும் என்பது அவர் நெடுநாள் விழைவு. அது கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1926ஆம் ஆண்டில் சான் வான் நகரில் திறக்கப்பெற்ற வெப்பமண்டல மருத்துவப் பள்ளியாய் உருப்பெற்றது.

பெரியோர் சரிதத்தில் நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் ஆகாது. ஸ்புரூ எனப்படும் வயிற்றுப் போக்கு நோய்க்கு ஒருவகைக் காளான் காரணம் என்று ஆஷ்போர்டு பல ஆண்டுகள் வாதித்தார். அக்கருத்துப் பிற்காலத்தில் நிலைபெறவில்லை. கொக்கிப்புழுவைப் பொறுத்தும் அவர் எண்ணியது முழுதும் கைகூடிற்றில்லை. மருந்தால் புழு நீங்கியது, மரணம் குறைந்தது. ஆனால் குடிசையின் பக்கத்தே கழிப்பிடம் எழவில்லை. காலுக்குச் செருப்பு வாங்கக் கூலி போதவில்லை. ஆகவே மருந்துண்டவர் அதே மண்ணை மிதித்து மீண்டும் புழுவைப் பெற்றனர். 1920களிலும் அத்தீவில் ஒழிப்புப் பணியைத் தொடர வேண்டியிருந்தது. மருந்து மருத்துவர் கையில் உள்ளது; செருப்பும் கழிப்பிடமும் கூலியையும் அரசையும் சமூகத்தையும் பொறுத்தவை. இவ்வேறுபாட்டை ஆஷ்போர்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அவர் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதி 1934ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 1ஆம் நாள் சான் வான் நகரில் தம் அறுபத்தோராம் வயதிற் காலமானார். அந்நகரத்துக் கடற்கரைப் பெருவீதியொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

நம் கடமை

ஆஷ்போர்டு மறைந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்தன. தைமாலும் மறைந்தது. இன்று ஆல்பெண்டசோல் என்னும் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும். முன்னிரவுப் பேதியும் வேண்டா. 2001ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை, நோய்க்கு உட்படும் இடங்களிற் பள்ளிப் பருவத்தினருள் நூற்றுக்கு எழுபத்தைவர்க்கேனும் முறையாக மருந்து வழங்குதல் வேண்டும் எனத் தீர்மானித்தது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடைபெறுகின்றது. ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் விலையின்றி மாத்திரை தருகின்றனர். இரண்டு வயது நிரம்பாதவர்க்குப் பாதி மாத்திரை. இத்துணை எளிதாகிய பின்னரும் நோய் அகன்றதென்று எண்ணற்க. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வு, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு அறுபத்தெழுவர் சோகையுடையர் எனக் கூறுகின்றது. அனைத்தும் புழுவால் வந்தன அல்ல. உணவுக் குறையும் பிற நோய்களும் உண்டு. ஆயினும் புழு தடுக்கக் கூடியதொன்று.

சங்கத்துக் குடும்பத்தார் கருதத்தக்கவை சில. பள்ளியில் மாத்திரை தரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு, அது வேண்டா. அன்று உடல்நலம் இல்லையேல் அடுத்த முறை கொடுக்கச் சொல்லுக. பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளை எறிந்துவிடாமல் உட்கொள்கின்றதா என்று வினவுக. முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு இவற்றை எலுமிச்சை, நெல்லிக்காய் முதலிய புளிப்போடு சேர்த்து உண்பித்தால் அவற்றின் இரும்பு உடம்பில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகின் அது தடையாகும். கொல்லைக்கும் வயலுக்கும் செல்லும் பிள்ளைக்குப் பட்டாடைக்கு முன் ஒரு சோடி செருப்பு வாங்குக. விழாவுக்கும் விருந்துக்கும் நாம் செலவிடும் பொருளில் ஒரு பகுதி, கழிப்பிடம் இல்லாத குடும்பம் நம்முள் ஒன்றேனும் இருப்பின் அதற்குச் செல்லட்டும். நம் கொல்லையில் வேலை செய்வார் நம்மவராயினும் பிறராயினும் அவர்க்கும் அவ்வசதி இருத்தல் நம் பொறுப்பே. புழு குலம் பார்த்துக் கால் துளைப்பதில்லை. ஒருவர் மாசு படுத்திய மண்ணில் மற்றொருவர் பிள்ளை நடக்கின்றது.

இனி நம் வீட்டுப் பிள்ளை சோர்ந்து கிடப்பின், சோம்பேறி என்னும் சொல் நாவில் எழுமுன் அதன் கீழிமையைச் சற்றே இழுத்துப் பாருங்கள். அங்கே செம்மை குன்றி வெளிறியிருந்தால், பிரம்பைத் தேடாது மருத்துவரைத் தேடுங்கள். ஆஷ்போர்டு பொன்செக் கூடாரத்திற் செய்ததும் இவ்வளவே: இகழ்வதை விடுத்து உற்றுநோக்கினார். அவர் பெயர் வாழ்க; நம் மக்கள் நோயின்றி நெடிது வாழ்க.